கிணற்றில் மிதந்த உடலும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியும்: ஒரு கிராமத்துக் கொலை விசாரணைத் தொடரின் திரைக்கதை திருத்தப்பட்ட விதம்

பின்னணி

தென்மாவட்டக் கரிசல் கிராமம் ஒன்றில் நடக்கும் கொலை விசாரணையை எட்டு எபிசோடுகளாக எழுதியிருந்தது ஒரு குழு. எழுத்தாளர்கள் மூவர், இயக்குநர் ஒருவர். முதல் முழு வரைவு முடிந்து படப்பிடிப்புக்கு ஐந்து மாதம் இருந்தபோது அதை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஒருவர் தென்மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். இன்னொருவர் சட்ட மருத்துவம் கற்பித்த அரசு மருத்துவர். மூன்றாமவர் செஷன்ஸ் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்.

கதை இதுதான். பட்டியல் சாதியைச் சேர்ந்த 26 வயது இளைஞன் ஒரு ராத்திரி வீடு திரும்பவில்லை. விடிந்ததும், தண்ணீர் இறைப்பதை நிறுத்திப் பல வருடமான கமலைக் கிணற்றில் அவன் உடல் மிதக்கிறது. குடித்துவிட்டுத் தவறி விழுந்துவிட்டான் என்கிறது ஊர். புதிதாக வந்த எஸ்.ஐ. அதை நம்பவில்லை. தனி ஆளாக விசாரித்து, கிணற்றுக்காரரின் தங்கை மகனையும் அவன் கூட்டாளியையும் பிடிக்கிறார். எட்டாவது எபிசோடில் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

ஊர், மனிதர்கள், பேச்சு மூன்றும் வரைவில் நன்றாக வந்திருந்தன. வாசித்தவர்கள் மூவரும் அதைச் சொன்னார்கள். விசாரணைதான் நிற்கவில்லை.

முதல் வாசிப்பில் கண்டவை

மருத்துவர் முதல் காட்சியிலேயே நின்றுவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்குக் கிணற்றில் போட்ட உடல் காலை ஆறு மணிக்கு மிதக்காது. தண்ணீருக்குள் போகும் உடல் பொதுவாக முதலில் அடியில்தான் போய்க் கிடக்கும். உள்ளே அழுகல் தொடங்கி வாயு சேர்ந்த பிறகே மேலே வரும். நம் ஊர் வெயில் காலத்தில் அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், குளிரான தண்ணீரில் இன்னும் கூடும். ஏழு மணி நேரத்தில் உடல் கிடைக்க வேண்டுமென்றால் அது மிதக்கக் கூடாது, தேடி எடுக்க வேண்டும். மிதக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு பகலும் இன்னொரு ராத்திரியும் கழிய வேண்டும்.

இரண்டாவது, கழுத்து. பிரேதப் பரிசோதனையில் நாக்குக்கு அடியில் கழுத்திலுள்ள ஹயாய்டு எலும்பு முறிந்திருப்பதைக் கண்டதும் மருத்துவர் இது கொலை என்று சொல்வதாக வரைவில் இருந்தது. 26 வயதில் அந்த எலும்பின் கிளைகள் நடுப்பகுதியோடு முழுதாக இணைந்து இறுகியிருக்காது. வளைந்து கொடுக்கும். கையால் கழுத்தை நெரித்தாலும் முறியாமல் தப்பிவிட வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களிடம்தான் முறிவை அடிக்கடி பார்க்கலாம். இளைஞன் என்றால் கழுத்துத் தசைகளுக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா, தைராய்டு குருத்தெலும்பில் சேதம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதைத் தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. தலையையும் மார்பையும் முதலில் திறந்து, கழுத்துப் பகுதியில் தேங்கிய இரத்தம் வடிந்த பிறகு, கழுத்தைக் கடைசியாக, அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் கத்தி பட்டுக் கசியும் இரத்தமே காயம் போலத் தெரியும். வரைவில் மருத்துவர் எடுத்த எடுப்பில் கழுத்தில்தான் கத்தி வைத்தார்.

மூன்றாவது, நேரம். இறந்தது இரவு 11.20 என்று மருத்துவர் சொல்வதாக எழுதியிருந்தார்கள். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லமாட்டார். விறைப்பு, அழுகல், வயிற்றிலிருந்த உணவு எல்லாவற்றையும் வைத்துப் பரிசோதனைக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி முன்பு என்று ஒரு நீண்ட வரம்புதான் கிடைக்கும். தண்ணீரில் கிடந்த உடலென்றால் அந்த வரம்பு இன்னும் விரியும். பரிசோதனையே ராத்திரி ஒன்பது மணிக்கு நடப்பதாக இருந்தது இன்னொரு பிழை. சூரியன் மறைந்த பின் பிரேதப் பரிசோதனை செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில்தான் வழிவிட்டது. அதிலும் கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, விலக்கு.

இன்ஸ்பெக்டரின் குறிப்புகள் வேறு விதம். வரைவின் ஓரத்தில் ஏறத்தாழ எல்லாப் பக்கத்திலும் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: இதற்குக் காகிதம் எங்கே? உடலைத் தூக்குகிறார்கள், இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் பார்வை மகஜர் எங்கே, மாதிரி வரைபடம் எங்கே? பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடந்ததா? உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போன காவலர் யார்? உடைகளைத் திரும்பக் கொண்டுவந்து படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது யார்? ஈர உடைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதாக ஒரு காட்சி. நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதியாவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து, ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது எதற்கும் உதவாது.

வழக்கறிஞர் இரண்டு இடங்களை மட்டும் குறித்திருந்தார். கதையின் முதுகெலும்பை உடைத்தவை அந்த இரண்டும்தான்.

ஒன்று, விசாரணை அதிகாரி. இறந்தவர் பட்டியல் சாதி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் வேறு சாதி. வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும். 1995-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆவது விதிப்படி விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். குறைந்தால் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டு நிற்காது, கொலைக் குற்றச்சாட்டு மட்டும் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. ஆக, நாயகனான எஸ்.ஐ. எட்டு எபிசோடும் பாடுபட்டு விசாரித்ததே எதிர்த்தரப்புக்குக் கிடைத்த முதல் ஆயுதம்.

மற்றொன்று, வாக்குமூலம். நிலையத்தில் நான்கு நாள் வைத்து அடித்து வாங்கிய வாக்குமூலத்தை எஸ்.ஐ. நீதிமன்றத்தில் வாசிக்க, வழக்கு வெல்கிறது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. 2024 ஜூன் வரை நடைமுறையிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் அதைத் தடுத்தன. அதன் 27-ஆவது பிரிவு ஒரு சிறிய வாசல் திறந்தது. குற்றவாளி சொன்னதால் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த சொற்கள் மட்டும் ஏற்கப்படும். ஆங்கிலேயர் காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946-இல் புலுகுரி கோட்டையா வழக்கில் வகுத்த எல்லை இன்றும் அதுதான். வரைவில் இந்த வாசலும் அடைபட்டிருந்தது. நாலாவது எபிசோடில் மோப்ப நாய் கண்டுபிடித்துவிட்ட தோள்துண்டை ஐந்தாவது எபிசோடில் குற்றவாளி காட்டிக் கொடுக்கிறான். போலீஸுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து எடுத்தது கண்டுபிடிப்பு ஆகாது.

செல்போன் டவர் விஷயத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். குற்றவாளியின் போன் கிணற்றடியில் இருந்ததாகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டப்பட்டது. கிராமத்து டவர் ஒன்று பல கிலோமீட்டருக்கு அலைவரிசை கொடுக்கும். வழக்கமாக மூன்று செக்டர், ஒவ்வொன்றும் 120 டிகிரி. இறந்தவன் வீடு, குற்றவாளி வீடு, கிணறு, டீக்கடை எல்லாமே ஒரே செக்டருக்குள் அடங்கிவிடும். யார் யாரிடம் எப்போது எத்தனை நொடி பேசினார்கள், போன் எப்போது அணைந்தது, அதே கருவியில் பிறகு வேறு சிம் போட்டார்களா என்பதெல்லாம் தெரியும். கிணற்றடி தெரியாது.

எடுத்த முடிவுகள்

கதையை விட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. இன்ஸ்பெக்டர் வேறு வழி சொன்னார். வசனத்தைத் தொடாமல் ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி போடச் சொன்னார். முதல் பத்தியில் நாளும் நேரமும். இரண்டாவதில் அந்த நேரத்தில் பிறந்த காகிதம். மூன்றாவதில் அந்தக் காகிதம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது. அறுபதுக்கு மேல் வரிகள் வந்தன. நிரப்ப முடியாத கட்டம் எல்லாமே திரைக்கதையின் ஓட்டை. ஆனால் சில கட்டங்களில் நேரம் மட்டும் பொருந்தாமல் நின்றது. கதை அங்கேதான் இருந்தது.

முதல் பலன் தாய். உடல் மிதக்க இரண்டாம் விடியல் வரை காத்திருக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. அந்தப் பகலில் மகனைக் காணாத தாய் என்ன செய்வாள்? நிலையத்துக்குப் போவாள். பழைய வரைவில் பிணத்தின் மேல் விழுந்து அழும் ஒரே காட்சிக்காக இருந்தவள், புதிய வரைவில் மனு எழுதிக் கொண்டு வருகிறாள். முந்தின நாள் மகனோடு சண்டை போட்ட இருவரின் பெயரும் மனுவில் இருக்கிறது. அந்தக் காட்சி இப்படி முடிகிறது:

"ஏட்டையா, எம்புள்ள ராத்திரி வீட்டுக்கு வரல."

"வந்துருவான் போம்மா. வயசுப் பய எங்கயாச்சும் படுத்துக் கெடப்பான்."

"அப்ப இதுல எழுதி ஒரு சீட்டு குடுங்க."

காணாமல் போனதாக முதல் தகவல் அறிக்கை போடவேண்டிய இடத்தில் ஏட்டு, மனு வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிழித்துக் கொடுக்கிறார். ஆனால் அந்த ரசீதுக்கு ஒரு வரிசை எண் உண்டு. உடல் கிடைத்த பிறகு வி.ஏ.ஓ. கொடுக்கும் புகாரில் தவறி விழுந்ததாக எழுதியிருக்கும்போது, அதற்கு ஒரு நாள் முன்பே பெயர்களோடு எழுதிக் கொடுத்த மனுவின் ரசீது தாயின் முந்தானையில் முடிந்து கிடக்கிறது. மொத்தத் திருத்தத்தில் இதைவிட நல்ல மாற்றம் வேறில்லை. உடல் எப்போது மிதக்கும் என்ற கேள்விக்கு ஒரு மருத்துவர் சொன்ன பதிலிலிருந்து வந்தது அது.

அடுத்து, காலம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. கொலைக்கு 302 போய் 103, சந்தேக மரணத்துக்கு 174 போய் 194. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவும், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதியவும் புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. கதையின் ஓட்டைகள் பலவும் அந்தக் கேமரா இல்லாததால் விழுந்தவை. எனவே பழைய சட்டக் காலம் என்று முடிவானது. முதலில் 2018 என்றார்கள். வழக்கறிஞர் தடுத்தார். அந்த ஆண்டு மார்ச் 20-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதுக்கு முன் அனுமதியும் முதற்கட்ட விசாரணையும் தேவை என்றது. ஆகஸ்டில் 18ஏ பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றம் அதை நீக்கியது. அந்த இடைக்காலத்தில் கதையை வைத்தால் அதுவே தனிக் கதையாகிவிடும். 2019 செப்டம்பர் என்று நிலைத்தது. கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் கிடக்கும், வெயிலும் தணிந்திருக்காது.

எஸ்.ஐ.யை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. நாயகன் கையிலிருந்து வழக்கைப் பறித்தால் தொடர் யாருடையது என்ற கவலை நியாயமானதே. கடைசியில் இப்படி முடிவெடுத்தார்கள்: உடல் கிடைத்த முதல் நாள் எஸ்.ஐ.யுடையது. பிரேதப் பரிசோதனையில் கழுத்துக் காயம் தெரிந்து வழக்கு 302-க்கும் வன்கொடுமைச் சட்டத்துக்கும் மாறியதும் டி.எஸ்.பி. எடுத்துக்கொள்கிறார். டி.எஸ்.பி. ஐம்பதைத் தாண்டிய பெண். அதன் பிறகு அவர் எஸ்.ஐ.யின் முதல் நாள் வேலையையே விசாரிக்க ஆரம்பிக்கிறார். உடலைத் தூக்குமுன் போட்டோ எடுத்தாயா? தண்ணீர் எத்தனை அடி என்று அளந்தாயா? டயாட்டம் சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் பிடித்தாயா? எஸ்.ஐ. பிடிக்கவில்லை.

இந்தத் தண்ணீர் விஷயத்தை விளக்க வேண்டும். உயிரோடு மூழ்குபவர் மூச்சிழுக்கும்போது தண்ணீரிலுள்ள டயாட்டம் எனும் நுண்பாசிகள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகக் கூடும். செத்த பின் போட்ட உடலில் அந்த ஓட்டம் இல்லை. மஜ்ஜையில் கிடைப்பதை ஒப்பிட அதே கிணற்றின் அதே இடத்துத் தண்ணீர், சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் அளவு, சாட்சிகள் முன் சீல் வைத்து, மகஜரில் எழுதி எடுக்க வேண்டும். கதையில் மூன்றாவது வாரம், இரண்டு மழை பெய்த பிறகு எடுக்கிறார்கள். அதற்குள் தண்ணீரின் பாசி மாறிவிட்டது. சோதனை எதையும் உறுதியாகச் சொல்லவில்லை, வழக்கு முழுக்கக் கழுத்துத் தசையின் இரத்தக் கசிவையே நம்பி நிற்கிறது. நாயகன் செய்த தவறு திரையில் அப்படியே இருக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னது சரி.

வன்கொடுமைச் சட்டத்தின் 3(2)(வி) பிரிவை ஏழாவது எபிசோடில் ஒரே காட்சியில் முடித்தார்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், சாதியின் காரணமாகவே கொன்றான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் சாதியைத் தெரிந்தே செய்தான் என்றால் போதும். குடும்பத்தோடு பழக்கம் இருந்தால் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஒரே ஊரில், யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், இதை நிரூபிக்கத் தாசில்தாரின் சாதிச் சான்றிதழ்கள் போக ஒரு சாட்சி போதுமானதாக இருந்தது.

மூன்றாவது எபிசோடு முழுதும் புதிதாக எழுதப்பட்டது. 174-இல் பதிந்த அறிக்கை நிர்வாக நடுவரான தாசில்தாருக்குப் போகும். கொலையாக மாறும்போது பிரிவு மாற்ற அறிக்கை குற்றவியல் நடுவருக்கு உடனே போக வேண்டும். பெற்றதும் அவர் நேரம் எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். கதையில் மாலை 6.15-க்கு அறிக்கை தயார். நடுவரின் வீடு நாற்பது கிலோமீட்டர். அவர் ஒப்பமிட்ட நேரம் மறுநாள் காலை 6.20. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். அந்த எபிசோடு, உறையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு காவலரின் கதை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுக்கிறார். அறிக்கையிலிருந்து இரண்டாவது ஆளின் பெயரை எடுத்துவிட்டு வேறு தாள் வரும், அதுவரை பொறு என்கிறார். காவலர் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. பஸ்ஸை விடுகிறார். விடியும்போது மனசு கேளாமல் பழைய உறையையே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அடித்து விசாரிக்கும் காட்சியை எடுத்துவிடலாம் என்றார் ஓர் எழுத்தாளர். ஒத்துக்கொள்ளாதவர் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். நிலையங்களில் இது நடக்கிறது, 2020-இல் சாத்தான்குளம் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் உயிரை விட்டதும் அதனால்தான், இல்லாதது போல எழுதுவது பொய் என்பது அவர் வாதம். அவர் எதிர்த்தது அதை வீரமாகக் காட்டுவதை. காட்சி நின்றது, பொருள் மாறியது. 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்தாமல் ஒருவனை வைத்திருந்ததை டி.எஸ்.பி. கண்டுபிடிக்கிறார். பொது நாட்குறிப்பில் அவன் வந்த பதிவே இல்லை. அவன் குற்றவாளியும் இல்லை.

படப்பிடிப்பில் நடந்தது

மூன்று பத்தித் தாளின் ஒரு நகல் கலை இயக்கக் குழுவுக்கும் போனது. இருந்தும் தவறுகள் வந்தன. டி.எஸ்.பி.யின் தோள்பட்டையில் மூன்று நட்சத்திரத்தோடு சிவப்பு நீல ரிப்பனும் தைத்திருந்தார்கள். ரிப்பன் இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.ஐ.க்கும் உரியது. டி.எஸ்.பி.க்கு நட்சத்திரம் மட்டும். முதல் நாளே ஒருவர் கவனித்ததால் தப்பியது. பிரேத விசாரணைப் படிவத்தில் புதிய சட்டத்தின் 194 அச்சாகியிருந்தது தாமதமாகத் தெரிந்தது. நெருக்கமாக எடுத்த அந்த ஷாட்டை மறுபடி எடுத்தார்கள்.

உடலைத் தூக்கும் காட்சிக்கு ஒன்றரை நாள் ஆனது. தீயணைப்பு வீரர்கள் கயிற்றுக் கட்டிலை நாலு முனையிலும் கட்டி இறக்குகிறார்கள். கமலைக் கிணற்றின் பக்கச் சுவரில் பெயர்ந்த கல் ஒன்றில் கயிறு உரசிக்கொண்டே இருக்கிறது. பழைய வரைவில் நாலு காவலர்கள் கிணற்றில் குதித்து இழுப்பதாக இருந்தது. அப்படி இழுத்திருந்தால் உடலில் புதிதாக ஏற்படும் சிராய்ப்புக்கும் பழைய காயத்துக்கும் வித்தியாசம் சொல்ல மருத்துவர் திணறியிருப்பார்.

விளைவு

எட்டு எபிசோடு ஏழானது. முடிவும் மாறியது. முதல் குற்றவாளிக்கு ஆயுள். அவன் காட்டிய இடத்தில், அதற்கு முன் யாரும் தேடாத கண்மாய்க் கரை முட்புதரில், இறந்தவனின் போன் கிடைத்தது. மோப்ப நாய் வரும் காட்சியை நீக்கிவிட்டதால் 27-ஆவது பிரிவு தாங்கியது. இரண்டாவது ஆள் சந்தேகத்தின் பலனில் விடுதலை. பன்னிரண்டு மணி நேரம் அந்த உறை எங்கே இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கிறது, காவலரிடம் பதில் இல்லை. பெயர் பிறகு சேர்க்கப்பட்டதோ என்ற ஐயம் விழுந்துவிட்டது. உண்மையில் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லித்தான் அவரை நிறுத்தி வைத்தார்கள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது. தாயின் சி.எஸ்.ஆர். ரசீது அந்தப் பெயருக்குத் துணை நின்றது. ஆனால் சண்டை போட்டதற்குத்தான் அது சாட்சி, கொன்றதற்கு அல்ல.

வெளியிடும் தரப்பிலிருந்து இருவருக்கும் தண்டனை வேண்டும் என்று கேட்டு வந்தது. குழு மறுத்தது. இரண்டாமவனும் தண்டிக்கப்பட்டால் மூன்றாவது எபிசோடுக்கு அர்த்தமே இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மாற்ற வேண்டியவை

மூவரையும் வரைவு முடிந்த பிறகு கூப்பிட்டது தவறு. கதைச் சுருக்கம் பத்துப் பக்கமாக இருந்தபோதே அந்த மூன்று பத்தித் தாள் போட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மாத வசன வேலை வீணானது. மருத்துவரிடம் முதல் எபிசோடை மட்டும் காட்டியிருந்தால்கூட உடல் மிதக்கும் நேரம் அன்றே சரியாகியிருக்கும்.

டி.எஸ்.பி. பாத்திரம் பாதியில் நுழைந்ததால் அவருக்கு வீடு, பின்புலம் எதுவும் எழுதப்படவில்லை. நடித்தவர் தன் திறமையால் தூக்கி நிறுத்தினார். எழுத்தில் அது இல்லை.

ஆறாவது எபிசோடில் ஒன்று தப்பிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் முதல் குற்றவாளியைப் பிடித்து, வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக நிற்க, வாக்குமூலம் எழுதுகிறார்கள். டி.எஸ்.பி. அதை முழுதாக உரக்க வாசிக்கிறார். அடுத்த எபிசோடில் நீதிமன்றம் அதே வாக்குமூலத்தைச் சான்றாவணமாகக் குறிக்கும்போதும் நெரித்துக் கொன்றேன் என்ற வரி உட்பட முழுதும் கேட்கிறது. ஏற்கத்தக்க பகுதி, போனை ஒளித்த இடத்தைச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம். டப்பிங்கில்தான் தெரிந்தது. நீதிமன்றக் காட்சியில் அந்த வரிகள் வரும் இடத்தில் மின்விசிறிச் சத்தத்தைக் கூட்டிக் குரலை அமுக்கினார்கள். உதட்டசைவு அப்படியே இருக்கிறது.